கதைசொல்லியின் குரல் எங்கே போகிறது? – நகைச்சுவை அறிவியல் புனைகதையும் அதன் திரையாக்கமும்

முன்னுரை

நாவலைத் திரைப்படமாக்கும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. கல்கியின் 'தியாகபூமி' 1939-இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் திரைக்கு வந்தது. ஆனந்த விகடனில் அது தொடராக வெளிவந்தபொழுதே படத்தின் காட்சிகள் கதையோடு சேர்ந்து அச்சாயின. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இலும், ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977-இலும் படங்களாயின. இவற்றைப் பற்றி ஆய்வுகள் பல வந்துள்ளன. ஆயினும், நகைச்சுவை இழையோடும் அறிவியல் புனைகதை திரைக்குப் பெயரும்பொழுது நேரும் தனிச் சிக்கலைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை. அச்சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கேள்வி. சித்தியவானில் தமிழாசிரியர் சிலரோடு அமர்ந்து வாசிப்புப் பயிற்சி குறித்து உரையாடியபொழுது, இடைநிலைப்பள்ளியில் பணியாற்றும் ஓர் ஆசிரியை, "படத்தைப் பார்த்துவிட்டோமே, பிறகு ஏன் கதையைப் படிக்க வேண்டும்?" என்று தம் மாணவன் கேட்டதைக் கூறினார். கேள்வி எளியது, அதனைத் தள்ளிவிட இயலாது. சித்தியவான் வட்டாரத்தில் பால்மரங்கள் இருந்த நிலம் பெரும்பாலும் செம்பனையாயிற்று. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் தமிழ் பெரும்பாலும் திரைத்தமிழே. படமும் நாவலும் ஒன்றே என்று ஆசிரியரும் ஒப்புக்கொண்டுவிட்டால், உரைநடையில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒரு சுவை அப்பிள்ளைகளை எட்டாமலேயே போய்விடும். அச்சுவை யாது என்பதையே முதலில் காண வேண்டியுள்ளது.

சிரிப்பு எங்கே இருக்கிறது?

நாடகத்திலும் திரையிலும் நகைச்சுவை பெரும்பாலும் பாத்திரங்களின் செயலிலும் பேச்சிலும் பிறக்கிறது. ஒருவன் வழுக்கி விழுகிறான், இன்னொருவன் தவறாகப் புரிந்துகொள்கிறான், நாம் சிரிக்கிறோம். நகைச்சுவை அறிவியல் புனைகதையிலோ சிரிப்பின் பெரும்பகுதி கதைசொல்லியின் குரலில் தங்கியிருக்கிறது. வியப்பூட்டும் செய்தியை வியப்பே இல்லாத தொனியில் சொல்லுதல், அற்பமான ஒன்றைப் பாடநூல் நடையில் விளக்குதல், உலகமே அழியும் தறுவாயில் அலுவலகப் படிவத்தைப் பற்றிக் கவலைப்படுதல் ஆகியனவே அதன் உத்திகள். அறிவியல் புனைகதை இல்லாத ஓர் உலகை விளக்கியாக வேண்டிய இலக்கியம். அவ்விளக்கத்தையே கேலியாக்குவது அதன் நகைச்சுவை வகை. திரைப்படமோ விளக்குவதில்லை, காட்டுகிறது. ஆகவே, கதைசொல்லி வெளியேறும்பொழுது சிரிப்பும் அவனோடு வெளியேறிவிடும் அபாயம் உண்டு.

உலக அளவில் இதற்குத் தெளிவான சான்று டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' எனலாம். இது 1978-இல் பி.பி.சி. வானொலியில் நாடகமாகத் தொடங்கி, 1979-இல் நாவலாகி, 1981-இல் தொலைக்காட்சித் தொடராகி, 2005-இல் கார்த் ஜென்னிங்ஸ் இயக்கத்தில் முழுநீளத் திரைப்படமாயிற்று. திரைப்பட முயற்சி மட்டும் 1980-களின் தொடக்கத்திலிருந்தே நடந்து வந்தது. தம் கையால் திரைக்கதை வரைவுகளை எழுதிய ஆடம்ஸ் 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 49-ஆம் வயதில் காலமானார். கேரி கர்க்பாட்ரிக் என்பவர் அவ்வரைவுகளிலிருந்து திரைக்கதையை முடித்தார்.

இந்நாவலுக்கு ஒரு நல்லூழ் உண்டு. கதைக்குள்ளேயே பேசும் புத்தகம் ஒன்று இருக்கிறது. விண்வெளிப் பயணிகளுக்கான கையேடு அது. கதைசொல்லியின் கேலிக்குரல் பெரும்பாலும் அக்கையேட்டின் குரலாகவே ஒலிக்கிறது. எனவே, திரைப்படம் அக்குரலை ஸ்டீபன் ஃப்ரை என்னும் நடிகரிடம் ஒப்படைத்து, இயங்கு ஓவியங்களோடு இணைத்துக்கொள்ள முடிந்தது. நாவலில் இரண்டு ஏவுகணைகள் நிகழ்தகவின் விபரீதத்தால் ஒரு திமிங்கிலமாகவும் ஒரு பூந்தொட்டியாகவும் மாறுகின்றன. வானிலிருந்து விழுந்துகொண்டிருக்கும் திமிங்கிலம், தான் யார், தன்னைச் சுற்றி வீசுவது என்ன என்றெல்லாம் ஆர்வத்தோடு வினவிக்கொண்டே தரையை நோக்கி வருகிறது. படத்திலும் இப்பகுதி வெற்றி பெற்றுள்ளது. காரணம், அங்கே படம் அடங்கி நிற்கிறது, குரல் பேசுகிறது. கையேட்டின் நீண்ட விளக்கங்கள் சுருக்கப்பட்ட பிற இடங்களில் அதே படம் வெறும் துரத்தல் காட்சிகளாகத் தளர்ந்துவிடுகிறது என்பது நம் கருத்து.

சுஜாதாவும் ஜீனோவும்

தமிழில் இவ்வகையில் முதலில் நினைக்கத்தக்கவர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008). பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்கு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரண்டும் தமிழ் வாசகர் பெரிதும் விரும்பிய அறிவியல் புனைகதைகள். கதை 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாகப் புனையப்பட்டது. நாம் அக்காலத்தைக் கடந்துவிட்டோம் என்பது வேறு செய்தி. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர்கள்கூட இரண்டெழுத்துக்குள் அடங்க வேண்டும். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி வெளியே சென்றவன் திரும்பவில்லை. அவளைத் தேடி வரும் ரவியோடு ஓர் இயந்திர நாயும் வருகிறது. அதுவே ஜீனோ. புத்தகம் படிக்கும், பேசும், விவாதிக்கும், ஆபத்தில் உதவும். இறுதியில் ஜீவா என்று ஒருவன் இல்லை, அவன் வெறும் ஒளியுரு என்பது தெரியவருகிறது. வாக்கு இயந்திரத்தோடு நாளெல்லாம் பழகிய ஒரு பொறியாளர், இல்லாத ஒருவன் ஆளும் நாட்டைக் கற்பனை செய்தார் என்பது எண்ணத்தக்கது.

இக்கதை தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராக வந்ததுண்டு. முழுநீளத் திரைப்படமாக வரவில்லை. ஆயினும் திரையாக்கத்தைப் பற்றிச் சிந்திப்பவர்க்கு இதனைவிட நல்ல பாடநூல் தமிழில் இல்லை என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில், இந்நாவலில் சிரிப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சுஜாதாவின் வாக்கியம். குறுகிய தொடர்கள், எதிர்பாராத இடத்தில் வந்து விழும் ஆங்கிலச் சொல், அரசு அறிக்கையின் தொனியில் சொல்லப்படும் கொடுமை ஆகியவை அதன் இயல்புகள். அச்செழுத்தையே விளையாட்டாக்குவதும் அவர் வழக்கம். 'இறங்கினான்' என்னும் சொல்லின் எழுத்துகளைப் படிக்கட்டுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்ட அவருடைய உத்தியை வாசகர் இன்றும் நினைவுகூர்வர். இதனை எந்தப் படப்பிடிப்புக் கருவி எடுக்கும்? ஒருவன் படியிறங்குவதை அது காட்டலாம். சொல் படியிறங்குவதைக் காட்ட இயலாது.

மற்றொன்று, ஜீனோ. கதைசொல்லியின் குறும்பில் ஒரு பகுதியைச் சுஜாதா தாமே எடுத்து ஓர் உடலுக்குள் வைத்துவிட்டார். அவ்வுடல் மிகச் சிறியது, இயந்திரத்தனமானது, மனிதரின் அதிகாரப் போட்டியில் இடம் இல்லாதது. அறிவோ எல்லாரையும் விடப் பெரியது. இந்தப் பொருத்தமின்மையே சிரிப்பின் ஊற்று. மனிதர் அஞ்சி நடுங்கும்பொழுது ஒரு பொம்மை நாய் தத்துவம் பேசுகிறது. ஆடம்ஸுக்குக் கையேடு எதுவோ, சுஜாதாவுக்கு ஜீனோ அது.

கட்டியங்காரனின் வழித்தோன்றல்

இதனை மேல்நாட்டு உத்தியாக மட்டும் காண வேண்டியதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணியும் இதுவே. அவன் அரசனை அறிமுகப்படுத்துவான். திரைக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்து நீ யார் என்று வினவுவான். உயர்ந்த பாட்டைத் தெருப்பேச்சில் பெயர்த்துச் சொல்வான். இடையே ஊர்ச் செய்தியையும் கலந்து கேலி செய்வான். கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் நிற்பான். நம் தோட்டப்புறங்களில் காமன் கூத்து பார்த்த மூத்தோர்க்கு இது புதிதன்று. சொல்லும் குரலுக்கு மேடையில் ஓர் உடல் தேவை என்பதைக் கூத்துக் கலைஞர் முன்பே அறிந்திருந்தனர்.

சுஜாதாவின் திரைப்பணியிலும் இதன் சாயலைக் காணலாம். 'விக்ரம்' (1986) கமல்ஹாசன் நடிக்க, ராஜசேகர் இயக்கத்தில் வெளிவந்தது. படம் உருவாகும்பொழுதே கதை குமுதத்தில் தொடராக, படக்காட்சிகளோடு வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் 'தியாகபூமி' கண்ட முறையே மீண்டும் வந்தது எனலாம். கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடும் கதையாயினும், சலாமியா என்னும் கற்பனை நாட்டுக் காட்சிகளே பலர் நினைவில் நிற்கின்றன. அங்கே பொய்மொழி பேசும் அரசனுக்கும் தமிழ் பேசுவோர்க்கும் நடுவில் ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார். இருபுறமும் சொல்வதைத் தம் போக்கில் பெயர்க்கும் அவர் கட்டியங்காரன் அன்றி வேறு யார்?

அவருடைய பிற நாவல்களுக்குத் திரையில் நேர்ந்ததை விரிக்கின் பெருகும். லண்டனில் நடக்கும் 'பிரியா' 1978-இல் படமானபொழுது சிங்கப்பூருக்கு வந்தது என்பதை மட்டும் குறிப்பிடுவோம். இடம் மாறியதால் கதைக்குப் பெருங்கேடு இல்லை. நாவலில் உரையாடலின் கூர்மையால் வாழ்ந்த வழக்கறிஞர் கணேஷ், படத்தில் ரஜினிகாந்த் என்னும் நாயகரானதே பெரிய மாற்றம்.

நாயிலிருந்து நாயகனுக்கு

'எந்திரன்' 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வெளிவந்தது. அதன் பாடல் வெளியீட்டு விழா அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரில் நடந்ததை மலேசிய வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். இப்படத்தை 'என் இனிய இயந்திரா'வின் திரையாக்கம் என்று கூறுதல் பொருந்தாது. கதையும் மாந்தரும் வேறு. ஆனால், சுஜாதா இப்படத்தின் எழுத்துப் பணியில் பங்கேற்றவர். 2008 பிப்ரவரி 27-இல் அவர் மறைந்தபின் வசனப் பணியை மதன் கார்க்கி தொடர்ந்தார். ஆடம்ஸுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. எழுதியவர் போனபின் அவர் குரலை வேறொருவர் முடிக்க வேண்டியிருந்தது. எனவே, ஜீனோவையும் சிட்டியையும் அருகருகே வைத்துக் காண்பதில் தவறில்லை.

ஜீனோ சிறியது. சிட்டியோ நாட்டின் புகழ்பெற்ற நடிகரின் உருவம் கொண்டது. நூற்று முப்பது கோடி ரூபாய்க்கும் மேல் செலவானதாகச் சொல்லப்படும் ஒரு படம் பொம்மை நாயை நடுவில் வைத்து எடுக்கப்படுவது கடினம் என்பதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். அறிவுக்கும் உருவுக்கும் இடையே இருந்த பொருத்தமின்மை மறைந்துவிட்டது. அறிவும் ஆற்றலும் அழகும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அங்கே வியப்பு பிறக்கும், சிரிப்பு பிறக்காது. ஆகவே, சிரிப்புக்குப் படம் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

அவ்வழி மொழியிலிருந்தே கிடைத்தது என்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தொலைக்காட்சியைப் 'போடு' என்று சிட்டியிடம் சொல்கிறார்கள். அது பெட்டியைக் கீழே போட்டு உடைக்கிறது. 'போடு' என்னும் ஒரு வினை தமிழில் எத்தனை பொருள்களில் வழங்குகிறது! சட்டை போடு, சண்டை போடு, கணக்குப் போடு, தேநீர் போடு, விளக்குப் போடு. சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, சூழலில் இருக்கிறது என்பதை ஒரு வகுப்பு முழுதும் விளக்கினாலும் பதியாதது, அந்த ஒரு காட்சியில் பதிந்துவிடுகிறது. இச்சிரிப்பை நாவலில் எழுதினால் பாதிதான் வரும். பெட்டி உடையும் ஓசையும் சிட்டியின் சலனமற்ற முகமும் திரைக்கே உரியன.

இன்னும் ஒன்று. சொன்னதைச் சொன்னபடியே கொள்ளும் இந்த இயல்பை படம் சிரிப்போடு விட்டுவிடவில்லை. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து காப்பாற்றுகிறது. உயிரைக் காப்பது என்றால் உயிரைக் காப்பது. நாணம் என்பது அதன் கணக்கில் இல்லை. ஊரார் முன்னும் படக்கருவிகள் முன்னும் நிற்க நேர்ந்த அப்பெண் ஓடிச்சென்று வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். முன்னர் நம்மைச் சிரிக்கவைத்த அதே விதி இங்கே உயிரைப் பறிக்கிறது. நகைச்சுவையும் அவலமும் ஒரே வேரில் கிளைக்கின்றன. சுஜாதாவின் கதைகளில் அரசு அறிக்கையின் சிரிப்புத் தொனியில் கொடுமை சொல்லப்படுவதன் திரைவடிவம் இதுவே என்போம். படத்தின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் கோளமாகவும் பாம்பாகவும் திரண்டு போரிடும் காட்சிகள் தொழில்நுட்பச் சிறப்புடையன. அப்படத்திற்குச் சிறப்பு விளைவுகளுக்கும் கலை வடிவமைப்புக்கும் இந்திய தேசிய விருதுகள் கிடைத்தன. ஆனால், அங்கே சொல் இல்லை. எனவே கேலியும் இல்லை.

பின்னர் வந்த 'இன்று நேற்று நாளை' (2015), 'அயலான்' (2024) போன்ற நகைச்சுவை அறிவியல் படங்கள் நாவலிலிருந்து பிறக்காமல் நேரே திரைக்காக எழுதப்பட்டவை. இவற்றில் கதைசொல்லியை இழக்கும் சிக்கல் எழுவதில்லை. தமிழ்த் திரையுலகம் இச்சிக்கலைத் தீர்த்தது என்பதைவிட அதனைச் சுற்றிக்கொண்டு சென்றது என்பதே பொருந்தும்.

வகுப்பறையில் ஒரு திரையாக்கம்

சித்தியவான் ஆசிரியர்களோடு நாம் செய்த பயிற்சியை இனிக் கூறலாம். 'என் இனிய இயந்திரா'வின் தொடக்கப் பகுதியை எடுத்துக்கொண்டு, அதனைத் திரைக்காட்சிகளாக எழுதும்படி கேட்டுக்கொண்டோம். விதி ஒன்றே: கதைசொல்லி பேசக்கூடாது. முதல் முயற்சியில் எல்லார் தாளிலும் கணவனைக் காணாமல் அழும் ஒரு மனைவியின் கதையே எஞ்சியது. நிகழ்ச்சி ஒன்றும் விடுபடவில்லை, சிரிப்பு மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதனைக் கண்டு ஆசிரியர்களே வியந்தனர். மூலத்தில் எந்தச் சொல் சிரிப்பூட்டியது என்று தேடிக் கோடிடச் செய்தபொழுது, கோடிட்டவற்றுள் பெரும்பாலானவை உரையாடல் அல்ல, வருணனை. மாணவனின் கேள்விக்கு விடை அக்கோடுகளிலேயே இருந்தது.

இரண்டாம் முயற்சியில் அக்கோடிட்ட பகுதிகளுக்கு ஓர் உடல் தேடும்படி கூறினோம். ஒருவர் அவற்றை அரசு அலுவலக ஒலிபெருக்கியின் அறிவிப்பாக்கினார். நன்றாகவே இருந்தது. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஆசிரியர் ஒருவர், தம் இளமையில் தோட்டத்துத் திடலில் படம் காட்டியபொழுது, புரியாத மொழிப்படம் என்றால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நின்று தம் விருப்பம்போல் கதை சொல்வார் என்றும், படத்தைவிட அதற்கே சிரிப்பு அதிகம் என்றும் நினைவுகூர்ந்தார். அவர் தம் காட்சியில் அப்படி ஒரு மனிதரையே வைத்துவிட்டார். எஞ்சியோர் ஜீனோவைக் கதைப்படி வரும் இடத்துக்கு முன்னரே கொண்டுவந்தனர். நாவலுக்கு இது பிழை, திரைக்குப் பிழையன்று.

பிணக்கு எழுந்தது ஜீனோவின் பேச்சைப் பற்றித்தான். கதையைச் சித்தியவானுக்கே கொண்டுவந்துவிட்ட இளைய ஆசிரியர் ஒருவர் ஜீனோவையும் 'லா' போட்டுப் பேச வைத்தார். படித்துக் காட்டியபொழுது அனைவரும் சிரித்தோம். பிறகு ஓர் ஆசிரியை மெல்ல மறுத்தார். ஜீனோ மொழியைக் கற்றது மனிதரிடமிருந்து அன்று, புத்தகத்திலிருந்து. ஆகையால் அது நூல்தமிழ்தான் பேச வேண்டும். தாமானில் உள்ள ஒரு வீட்டில் எல்லாரும் 'சாப்ட்டியாலா' என்று கேட்க, மேசையடியில் கிடக்கும் நாய் மட்டும் 'உணவருந்தினீரா' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அவர் எழுதிக் காட்டினார். வீட்டில் ஒருவர் சொல்வதும் மற்றவர்க்குச் சரியாக விளங்காத வேளையில், இலக்கணப் பிழையின்றிப் பேசும் ஒரே உயிர் அந்த நாய். அதனை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஆபத்து வரும்பொழுது எல்லாரும் அதனிடமே ஓடுகின்றனர். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த ஒருவர், "இது நாய் இல்லை, நம்ம தமிழ் வாத்தியார்லா" என்றார்.